நாற்பதைத் தாண்டக் கூடாது

அக்காளும் தம்பியும் கடைசியாகச் சண்டை போட்டது ஒரு சாப்பாட்டுத் தட்டுக்காக.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வீட்டின் பின்பக்கம், துணிக்கொடிக்குக் கீழே, அக்கக்காகப் பிரித்துக் கோத்து முடித்த மோட்டார் சைக்கிள் இன்ஜின் முதல்முறையாக உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குந்தியிருந்த தம்பிக்காரன் எண்ணெய்க் கையைத் துடைக்க எதையோ தேடினான். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அக்காளின் தலையணை உறைதான் கைக்கு எட்டியது. மிஞ்சிப்போன நட்டும் வாஷரும் அவள் சோறு போடும் எவர்சில்வர் தட்டில் மண்ணெண்ணெயில் ஊறிக் கிடந்தன.

"இனிமே இந்தத் தட்டுலதான் உனக்குச் சோறு," என்றாள் அவள், சமையலறை வாசலில் நின்றபடி.

"போடுக்கா. உன் சமையலுக்கு மண்ணெண்ணெய் ஊத்தினாலாவது கொஞ்சம் ருசி வரும்."

"வாயைப் பாரு. தலையணை உறையை வேற நாசம் பண்ணிட்டான். ஏங்க, நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

அவள் புருஷன் கேட்கவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துபவர் அவர். மைத்துனன் சொல்வதை எழுத்து எழுத்தாக மனதில் வாங்கிக்கொண்டிருந்தார். வண்டி அவருடையது. அது உயிரை விட்டபோது பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தார். மைத்துனன் விடவில்லை. கடைசல் பட்டறையில் வேலை அவனுக்கு. நாற்பதை நெருங்கியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், அக்காள் வீட்டுப் பின்னறையில் பொழுதைக் கழிப்பவன். சிலிண்டரைத் தன் கையாலேயே கடைந்து, அதற்குப் பொருந்தும் பிஸ்டனைத் தேடிப்பிடித்து, வீட்டை ஒரு மழைக்காலம் முழுக்க உதிரிபாகக் கடையாக்கி வைத்திருந்தான்.

"அத்தான், நல்லாக் கேட்டுக்குங்க. புது ரிங், புது பிஸ்டன். பழகுற வரைக்கும் குழந்தை மாதிரி. மீட்டர் முள் நாற்பதைத் தாண்டக் கூடாது. பின்னால யாரையும் ஏத்தக் கூடாது. எங்கக்காளா இருந்தாலும் சரிதான். அவ ரெண்டு ஆள் கணக்கு."

"எதுவரைக்கும்?"

"நான் சொல்ற வரைக்கும்."

மறுநாள் மதியம் பட்டறையில் சாப்பிட உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான். இதயம் என்றார்கள். அதற்கு முன் ஒரு நாள்கூட அவன் தலைவலி என்று படுத்ததில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கலைந்து போய், வீட்டில் இரண்டு பேரும் இரண்டு மூலையில் மிஞ்சிய பிறகு, அவர் வண்டியை வெளியே எடுத்தார். முள்ளை நாற்பதில் நிறுத்தினார். அன்று பிடித்தது சனி.

நாற்பதில் போகிற வண்டிக்கு ஊரில் மரியாதை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். இவ்வளவு கிடையாது என்பது தெரியாது. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரனில் கையை வைத்தால் எடுப்பதில்லை. குப்பை லாரி அவரைத் தாண்டிப் போனது, போகிற போக்கில் ஒரு முட்டைக்கோஸ் இலையை அவர் மடியில் போட்டுவிட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து, பக்கத்திலேயே கொஞ்ச தூரம் பேச்சுத்துணைக்கு வருவதுபோல வந்து, அலுத்துப்போய் முந்திக்கொண்டு போனார்கள். ஒரு கிழவர், காலை நடைக்கு வந்தவர், "தள்ளி விடட்டுமா தம்பி?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார், கிண்டலாக இருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

புத்திமதிக்கும் குறைச்சல் இல்லை. அச்சகத்து பைண்டர் நிற்கிற வண்டியை அரைமணி நேரம் ஓடவிட்டாலே போதும் என்றார். காவல்காரர் எண்ணெயில் இன்னொரு எண்ணெயைக் கலக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர், வாழ்நாளில் பேருந்தைத் தவிர எதிலும் ஏறாதவர், "முதல் நாளே விரட்டணும் சார், அப்பத்தான் பயம் விடும்," என்றார்.

எல்லாருக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். "மச்சான் நாற்பதுன்னு சொல்லியிருக்கார்."

அதற்குமேல் யாராலும் பேச முடியவில்லை. செத்தவன் சொன்னதை யார் மறுப்பது?

அவருடைய மனைவியால் முடிந்தது. மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வை அவளுக்கு. ஆஸ்பத்திரி வேனில் போய் வருவாள். ஒரு நாள் ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு உங்களைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கிட்ட. எங்க வேன் உங்க பின்னாலதான் வந்துச்சு. வேன்ல இருக்கிறவங்க எல்லாம் 'யாரு இந்தப் புண்ணியவான், ஊர்வலம் போறான்'னு கேட்டாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

"நாற்பதுலதான் போனேன்."

"அங்க வேகம் காட்டுற பலகை ஒண்ணு இருக்குல்ல. நீங்க போறப்ப இருபத்தாறுன்னு எரிஞ்சுது."

"பலகை கெட்டுப்போயிருக்கும்."

"உங்களைத் தாண்டிப் போறப்ப எங்க வேனுக்கு முப்பத்தெட்டுன்னு காட்டிச்சு. டிரைவர் முள்ளும் அதேதான். உங்களுக்கு மட்டும் கெட்டுப்போச்சா?"

அவர் மீன்முள் எடுப்பவர்போலச் சோற்றைக் கிளறினார். "மச்சான் முள்ளைத்தான் பார்க்கச் சொன்னார். பலகையைப் பார்க்கச் சொல்லலை."

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு நான் ஒரு புத்தகத்தைக் கட்டிக்கிட்டிருக்கலாம்," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர்மீதும் முழுக்கக் குற்றமில்லை. அவருடைய தொழில் அப்படி. எழுதியவர் உயிரோடிருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பலாம். அவரே பார்த்துத் திருத்துவார். எழுதியவர் இறந்துவிட்டால் பிரதியில் இருப்பது இருப்பதுதான். தப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. இருபத்தைந்து வருஷமாக அச்சகத்தில் அவர் காப்பாற்றி வந்த முறை இது. நான் சொல்ற வரைக்கும் என்று மைத்துனன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஓரத்தில் கேள்விக்குறி போட்டால் அனுப்ப இடமில்லை.

பிறகு புகை வந்தது.

முதலில் லேசாக, நீலமாக. வெயிலில் தெரியாத அளவுக்குத்தான். பிறகு வெயிலிலும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைச் சாத்திக்கொண்டே, "கொசு மருந்து அடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டார். எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் நுனியில்தான் ஈரம். ஊற்றினார். மறுபடி குறைந்தது. மறுபடி ஊற்றினார். அவன் கடைந்த சிலிண்டர், அவன் கோத்த ரிங். தான்தான் எங்கேயோ பக்குவம் போதாமல் ஓட்டுகிறோம் என்று நினைத்து, முப்பத்தைந்துக்கு இறங்கினார்.

"இப்ப நடந்து போறவங்களும் முந்துவாங்க," என்றாள் மனைவி. "வண்டியைக் கொண்டுபோய்ப் பட்டறையில காட்டுங்க. இல்லேன்னா நான் உருட்டிக்கிட்டுப் போறேன்."

பட்டறைக்குப் போக அவருக்கு மனசில்லை. மைத்துனன் நின்ற லேத்தில் இப்போது வேறு யாரோ நின்றுகொண்டிருப்பார்கள். ஆனாலும் போனார்கள், அவர் முன்னால் உருட்ட, அவள் பின்னால் தள்ள.

பட்டறை முதலாளி கழுத்துவலிக்காரர். எதையும் உடம்போடு திரும்பித்தான் பார்ப்பார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். கரியும் எண்ணெயுமாகக் குழைந்திருந்தது.

"எப்படி ஓட்டுனீங்க?"

"நாற்பதைத் தாண்டலை," என்றார் அவர். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

முதலாளி முன்சக்கரத்துக்கிட்ட உட்கார்ந்து, மீட்டர் கம்பி போகிற இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார், உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"இது வேற வண்டியோட மீட்டர் பல்சக்கரம். கையில கிடைச்சதைப் போட்டிருக்கான். முள் நாற்பது காட்டுனா நீங்க இருபத்தஞ்சுலதான் போயிருப்பீங்க. போட்டவன் சொல்ல மறந்துட்டான்."

"இருபத்தாறு," என்றாள் மனைவி.

"ரிங் உட்காரலை சார். சிலிண்டர் சுவர்ல அவன் குறுக்கும் நெடுக்குமா மெல்லிசாக் கீறல் போட்டு விட்டிருப்பான். ரிங் அதுல அழுந்தி உரசித்தான் பழகணும். நீங்க அழுந்தவே விடலை. தாலாட்டியிருக்கீங்க. இப்படியே போனா சுவர் கண்ணாடியா மழுங்கிடும். அப்புறம் பிரிச்சு மறுபடி கடையணும்."

"கடைஞ்சா?"

"கடைஞ்சா அடுத்த சைஸ் பிஸ்டன். வண்டி நல்லா ஓடும். அவன் கடைஞ்சது இருக்காது, அவ்வளவுதான்."

லேத் ஒன்று ஓடி நின்றது. புது ஆள் தலையை நிமிர்த்தாமல் துருவலைப் பிரஷ்ஷால் தள்ளினான்.

"வேற வழி இல்லையாண்ணே?" என்று கேட்டாள் அவள்.

"இன்னும் முழுசா மழுங்கியிருக்காது. பாரத்தோட மேட்டுல ஏத்திப் பாருங்க. நல்லாத் திருகணும், அப்புறம் சட்டுனு விடணும். திருகணும், விடணும். பின்னால ஒரு ஆளை உட்கார வெச்சுக்குங்க. உட்கார்ந்தா உட்காரும். இல்லேன்னா கொண்டாங்க, கடைஞ்சிடலாம்."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவர் மெதுவாக ஆரம்பித்தார். "பின்னால யாரையும் ஏத்தக் கூடாதுன்னு..."

"ஏங்க," என்றாள் அவள். தெருவின் நடுவில் தள்ளுவதை நிறுத்திவிட்டாள். "அவன் என்னைக்கு எதை ஒழுங்காச் சொல்லியிருக்கான்? அடுப்பை ரிப்பேர் பண்றேன்னு எடுத்து அஞ்சு நாள் பட்டினி போட்டான். மீட்டரைத் தப்பா மாட்டிட்டு முள்ளைப் பாருன்னான். அவன் சொன்னதைக் காப்பாத்துறேன்னு அவன் செஞ்சதைக் கெடுத்துக்கிட்டிருக்கீங்க. உங்களுக்கு எது வேணும்? அவன் வாயா, அவன் கையா?"

அவர் வண்டியை உருட்டினார். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து மறுபடி தள்ளு வந்தது.

ஞாயிறு காலை, தண்ணீர்த் தொட்டி மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தினார். நேரான சாலை, ஆள் நடமாட்டம் குறைவு. அவள் இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஒரு சாண் இறங்கியது.

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நினைச்சீங்க."

கைப்பிடியைத் திருகினார். பயந்து பயந்து, கதவைத் திறப்பதுபோல. முதுகில் ஒரு குத்து விழுந்தது. "அது திருகுறதா? நல்லாத் திருகுங்க." திருகினார். இன்ஜின் குரல் மாறியது. இத்தனை நாளும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது வாயைத் திறந்து கத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டார். முள் அறுபதுக்கு ஏறியது, எழுபதுக்கு ஏறியது. அவர் பார்வையைச் சாலைக்குக் கொண்டுபோனார்.

"இப்ப விடுங்க," என்றாள். விட்டார். அவளுடைய ஹெல்மெட் அவருடையதில் வந்து இடித்தது. "புகை பயங்கரமா வருது. ஒண்ணுமே தெரியலை. திருகுங்க."

மேலே போய்த் திரும்பி, கீழே வந்து, மறுபடி ஏறினார்கள். அவள் கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்த்துக்கொண்டே கட்டளை போட்டாள். திருகுங்க. விடுங்க. உங்களுக்குக் கை இருக்கா இல்லையா. விடுங்கன்னா விடணும். ஒருதரம் நடுமேட்டில் இன்ஜின் நின்றுபோனது. அவர் உதைக்க உதைக்க, அவள் இறங்காமலே உட்கார்ந்து, தம்பியைப் பெயர் சொல்லித் திட்டினாள். அவன் போனதிலிருந்து அவள் வாயில் அந்தப் பெயர் வந்து அவர் கேட்டதில்லை. ஊரில் இல்லாத வசவையெல்லாம் சேர்த்துத் திட்டினாள். இன்ஜின் பிடித்ததும் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திருகுங்க," என்றாள்.

எத்தனை தரம் ஏறினார்கள் என்று அவர் எண்ணவில்லை. ஒரு நேரத்தில் பின்னாலிருந்து சத்தமே வரவில்லை.

"என்ன, புகை வருதா?"

"பாக்குறேன், இருங்க." கொஞ்சம் கழித்து, "கீழே வேலியில துணி காயுது. அது தெரியுது," என்றாள். முன்பு அது தெரிந்ததில்லை.

மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். இரும்பு ஆறுகிற சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. அவர் பிளக்கைக் கழற்றிப் பார்க்கத் துடித்தார். சூடு ஆறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் இறங்கி ஒரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இடது கால் மரத்தே போச்சு. என்னமோ ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருந்துச்சு."

அவர் குனிந்து பார்த்தார். பின்னால் உட்காருபவருக்கான கால்மிதிகள், பழசு துருப்பிடித்துப்போனதால் மைத்துனன் பட்டறையில் புதிதாகக் கடைந்து மாட்டியவை. விரலை வைத்து அளந்தார். இடதை அளந்தார், வலதை அளந்தார், மறுபடி இடதை அளந்தார்.

"ஒரு விரற்கடை நீளம்."

"பாருங்க லட்சணத்தை," என்றாள் அவள்.

"பட்டறையில கொடுத்தா ஒரு நிமிஷத்துல வெட்டிடுவாங்க."

"ம். வெட்டச் சொல்லுங்க."

பிளக் காய்ந்து, வெளிறிய தவிட்டு நிறத்தில் வெளியே வந்தது. அந்த மாதம் எண்ணெய்க் கம்பியில் ஈரம் இறங்கவில்லை. மீட்டர் பல்லை மாற்றியாயிற்று. முள் இப்போது உள்ளதைச் சொல்கிறது. அவள் ஆஸ்பத்திரி வேனை விட்டுவிட்டாள். காலையில் வண்டியில்தான் போகிறாள், வழிநெடுக ஏதாவது சொல்லிக்கொண்டே. இடது கால்மிதி வலதைவிட ஒரு விரற்கடை நீளமாகத்தான் இருக்கிறது.