ஓவன் கைப்பிடியில் ஒரு துண்டு

1

புது ஓவன் வாங்கிய எரிச்சலில் பிறந்த கதை இது. பழையதில் சூடான காற்று தன்பாட்டுக்கு மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும். புதியதில் ஒரு விசிறி அதைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் எல்லாம் சீக்கிரம் சிவந்துவிடுகிறது.

'ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் அந்தக் கிறிஸ்துமஸ் அன்று வெயில் கொளுத்திய—' வேண்டாம். இங்கே எந்தக் கிறிஸ்துமஸில் கொளுத்தவில்லை?

2

குவெண்டா, லின்டனின் இரண்டாவது மனைவி. விருந்துக்கு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்து ஓவனில் சுடுகிற பாவ்லோவாவை, அவர்கள் பேச்சில் 'பாவ்', செய்வது இத்தனை வருஷமும் அவன் அக்கா நோலாதான். இந்த வருஷம் போனில் சொன்னாள்:

"பாவ் நீயே செஞ்சிரு. நூத்தியிருபது டிகிரி. அவ்ளோதான் வித்தை."

குவெண்டாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் பாவ் செய்கிறவள்தான் வீட்டு மனுஷி. மற்றவர்களெல்லாம் சாலட் கொண்டுவருகிறவர்கள்.

ஒத்திகைக்குச் செய்த பாவ் பழுப்பேறி வெடித்தது.

"அக்காவோடது பழைய ஓவன், விசிறி கெடையாது," என்றான் லின்டன். "நம்மதுல இருபது கொறைச்சு வை."

"இத அவ சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலியே, செல்லம்."

(நோலா வேண்டுமென்றே விட்டாளா? அவளை வில்லியாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். அதனாலேயே தயங்குகிறேன்.)

3

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு செய்த பாவ் வெள்ளை வெளேரென்று வந்தது. ஊர் வழக்கப்படி ஓவனை அணைத்து, விடியும்வரை உள்ளேயே ஆறவிட்டாள் குவெண்டா. கைப்பிடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் அதற்கு அர்த்தம், உள்ளே பாவ் இருக்கிறது, தொடாதே. நோலா வீட்டில் அது கை துடைக்கிற துண்டு.

காலையில் குவெண்டா குளிக்கப் போன நேரம் நோலா ஓவனில் வைக்க வேண்டிய ஹாமோடு, அதாவது பன்றித் தொடையோடு, வந்தாள். கையைக் கழுவினாள். துண்டில் துடைத்தாள்.

"லின்டன், ஓவன் காலியா?"

"காலியாத்தான் இருக்கும்," என்றான் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவன்.

"சரி, மொதல்ல அது சூடாகட்டும்."

4

முடிவு ஒன்று: நோலா எதற்கும் கதவைத் திறந்து பார்க்கிறாள். பார்த்தவள்—

முடிவு இரண்டு: குவெண்டா ஈரத் தலையோடு ஓடிவந்து—

இரண்டுமே முடியாது. நோலா குமிழைத் திருகிவிட்டாள். விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது. பழைய ஓவனாக இருந்தால் இன்னும் ஒரு பக்கம் எழுத அவகாசம் இருந்திருக்கும். குளியலறையில் தண்ணீர் கொட்டுகிறது, குவெண்டாவுக்கு எதுவும் கேட்காது. அந்தச் சமையலறையில் விஷயம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். சும்மா படித்துக்கொண்டிருக்காமல் வாயைத் திறந்து நோலாவிடம் சொல்லுங்கள்.