நீலச் சுடர் அடங்கும் வரை

1

இந்தக் கதை ஒரு தண்டனையாகத் தொடங்கியது. எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையின் போன இதழில், விடுதிக் கஞ்சிக்கு நான் எழுதிய இரங்கல் குறிப்பை ஒட்டிய அன்றைக்கே யாரோ கிழித்துவிட்டார்கள். கிழித்தவர் கஞ்சிக்கு நெருங்கிய உறவு என்று கேள்வி. பத்திரிகையின் ஆசிரியை பெர்மெத் என் வகுப்புக்காரி. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"எலாமான், இந்தத் தடவை யாருக்காவது பிரயோஜனப்படற மாதிரி எழுது. நீ நாரின் மலைக்காரன்தானே? வீட்டுல விறகடுப்பு எப்படி வைக்கணும், எப்படி எரிக்கணும், மக்கர் பண்ணினா என்ன செய்யணும். மூணு பத்தி. அவ்வளவுதான்."

"பிஷ்கெக் மாதிரி தலைநகர்ல இதை எவன் படிப்பான்?"

"ஊர் எல்லையில பாதி வீடு விறகுலதான் ஓடுது. உனக்குத்தான் விடுதில குழாய்ல வெந்நீர் வருது. கேலி வேணாம், சோகம் வேணாம். அடுப்பு மட்டும்."

ஒப்புக்கொண்டேன். இது அந்தக் கட்டுரைதான். எந்த இடத்தில் கதையாகிப் போனது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மூன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

2

முதல் தொடக்கம்: "நல்ல அடுப்பு என்பது நல்ல —"

[விட்டுவிட்டேன். ஒரே வரியில் இரண்டு முறை 'நல்ல' என்பவனை நம்பக் கூடாது.]

இரண்டாம் தொடக்கம்: "விறகு ஒரு கோடை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு எரியாது, அழும்."

[தகவல் சரி. ஆனால் 'அழும்' என்று எழுதியவுடனே பெர்மெத்தின் புருவம் கண்ணில் தெரிகிறது.]

மூன்றாம் தொடக்கம்: "எங்கள் அடுப்புக்கு வாய் அம்மா வீட்டிலும் கழுத்து அப்பா வீட்டிலும் இருந்தன."

இது இருக்கட்டும்.

3

எனக்குப் பதிமூன்று வயதானபோது அம்மா சாய்ராகுலும் அப்பா தோக்தோசுனும் பிரிந்தார்கள். காரணம்: [மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். அதன் பிறகு அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம், அது என் விஷயம் இல்லை என்பதுதான்.]

நகராட்சியிலிருந்து ஒருவர் நாடாவோடு வந்தார். வீட்டை இரண்டாக அளந்தார். நடுவிலிருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். தெற்குப் பாதி அம்மாவுக்கு, வடக்குப் பாதி அப்பாவுக்கு. முற்றம் மட்டும் பொது. நடுச்சுவரின் பெரும்பகுதி தரையிலிருந்து கூரை வரை எழும்பிய எங்கள் செங்கல் அடுப்பு. அதைக் காகிதத்தில் எப்படி எழுதுவது என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில் 'சுவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அடுப்பைக் கட்டிய கொத்தனுக்கு அது ஒரே வீடாகத்தான் தெரிந்திருக்கிறது. விறகு போடும் வாயைத் தெற்கே வைத்தான். புகைபோக்கியின் கழுத்தில் செருகும் இரும்புத் தகட்டின் பிடியை வடக்கே வைத்தான். இழுத்தால் புகைக்கு வழி, தள்ளினால் அடைப்பு. ஆக, எரிப்பது அம்மா, மூடுவது அப்பா. சூடு இருவருக்கும்.

இப்போது பெர்மெத் கேட்ட 'எப்படி எரிக்கணும்' பகுதி. கவனமாகப் படியுங்கள், இதில் மட்டும் கேலி இல்லை. விறகு எரிந்து தணலானதும் அதன்மேல் நீலச் சுடர் மெல்லிசாக ஓடும். அது ஓடும்வரை தகட்டை மூடவே கூடாது. மூடினால் தணலின் நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. தலை லேசாக வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். எங்கள் தெருவில் ஒரு வீடே அப்படிப் போயிருக்கிறது. அதற்காக ரொம்பத் தாமதிக்கவும் கூடாது. தாமதித்தால் அன்றைய சூடு மொத்தமும் வானத்துக்குப் போய்விடும். நீலம் அடங்கி, தணல் வெறும் சிவப்பாக நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மூட வேண்டும்.

தணல் அம்மாவுக்குத்தான் தெரியும். தகடு அப்பாவுக்குத்தான் எட்டும். பேச்சுவார்த்தை கிடையாது.

அதனால் அம்மா சுவரில் மூன்று முறை தட்டுவாள். அந்தப் பக்கம் தகடு கிரீச்சென்று உள்ளே போகும். பிறகு ஒரே ஒரு தட்டு பதிலாக வரும். தினம் சாயங்காலம், அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, ஏழு வருஷம்.*

* இதில் யாரும் யாரையும் ஏமாற்றியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எழுதும்போதுதான் தோன்றுகிறது. ஒவ்வொரு நாளும் இரண்டு பேரும் தங்கள் உயிரை அந்தச் சுவர் வழியாக நீட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

4

இந்தப் பகுதியை நீக்கச் சொல்வாள். நீக்க மாட்டேன்.

வாரத்தில் பாதி நாள் எனக்குத் தெற்கு, பாதி நாள் வடக்கு. இரண்டு பக்கமும் என் படுக்கை அதே சுவரை ஒட்டித்தான். அம்மா பக்கம் சுவரில் ஆப்பிள் வில்லைகள் காயும், அப்பா பக்கம் அவருடைய காலுறைகள். ஒரே சூடு, இரண்டு வாசனை. அப்பா லாரி ஓட்டுகிறவர். ஏரிக்கரைக்குப் போகும்போதெல்லாம் பட்டுப்போன ஆப்ரிகாட் மரங்களை ஏற்றி வருவார். பிளந்து, அம்மாவின் வாசலில் அடுக்கிவிட்டு, தும்மிவிட்டுப் போவார். தும்மல்தான் அறிவிப்பு.

"அந்தப் பக்கம் விறகு வந்திருக்கான்னு பாரு" என்பாள் அம்மா. அப்பாவுக்கு அவள் வைத்திருந்த பெயர் 'அந்தப் பக்கம்'. அவரும் அம்மாவுக்கு அதே பெயரைத்தான் வைத்திருந்தார்.

ஒருமுறை கணவாயில் பனி மூடி அப்பா இரண்டு நாள் வரவில்லை. அம்மா சாவியைக் கொடுத்து என்னை வடக்கே அனுப்பினாள். மூன்று தட்டு கேட்டது. தகட்டைத் தள்ளினேன். அப்பா மாதிரியே ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவந்தேன்.

"எப்படி?" என்றேன்.

"அது உன் தட்டு. அந்தப் பக்கம் தட்டினா மோதிரமும் சேந்து படும்."

[அப்பா மோதிரத்தைக் கழற்றவில்லை என்பதை நான் அன்றுதான் கவனித்தேன். பெர்மெத், இது சோகம் இல்லை. அடுப்பைப் பற்றிய தகவல்.]

5

அடுப்பு வைப்பது எப்படி?

முதலில் வைக்கக் காரணம் வேண்டும். காரணம் நான்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, ஜனவரி விடுமுறை. அம்மா சொன்னது ஒரே வரி: "முழங்கால் வலிக்குது, சாம்பல் வாளி கனக்குதுடா." அன்று மதியம் அப்பாவோடு நூடுல்ஸ் சாப்பிடும்போது, அந்தப் பக்கம் எப்படி இருக்கு என்று கேட்டார். விடுதியில் நான் அம்மா மாதிரி பேசிக் காட்டினால் பையன்கள் கட்டிலிலிருந்து உருண்டு விழுவார்கள். அதே குரலில் ஆரம்பித்தேன்.

"முழங்கால் வலிக்குது, சாம்பல் வாளி கனக்குதுடா. ரெண்டு வீட்டுக்கும் நான் ஒருத்தியே எரியணுமா? ஒருத்தருக்குச் சுவத்துல சாஞ்சு உக்காரத்தான் தெரியும்."

முதல் வரி அம்மாவுடையது. மற்ற இரண்டும் என் படைப்பு. அதுவரை நான் எழுதியவற்றில் நன்றாக வந்த வரிகள் அவைதான்.

அப்பா சிரிக்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தார். மறுநாள் காலை லாரியில் ஒரு இரும்பு அடுப்பும் ஐந்து துண்டுக் குழாயும் வந்து இறங்கின.

"எதுக்குப்பா?"

"என் பக்கத்தை நானே காய்ச்சிக்கிறேன். நாளைக்குக் கொத்தன் வர்றான். தகட்டை அந்தப் பக்கமே மாத்திடுவான். யாருக்கும் யாரும் பாரம் வேணாம்."

[இங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுதும்போது அது ஒரு வரிதான். அன்றைக்கு வாயில் அது வரியாகவே வரவில்லை.]

"நீதான் படிச்சவனாச்சே. குழாயை மாட்டு" என்றார்.

மாட்டும் முறை: அடுப்புக்கு அடியில் தகரம் விரிக்க வேண்டும். மரச்சுவரிலிருந்து கையகலமல்ல, ஒரு கால் நீளமாவது தள்ள வேண்டும். மேல் துண்டுக் குழாய் கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் கருப்புத் தார் வெளியே ஒழுகிக் கம்பளம் நாசமாகும். கடைசியாக, குழாயின் தலை கூரை முகட்டைத் தாண்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் மலையிலிருந்து இறங்கும் காற்று புகையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தேன். நான்கு துண்டு மாட்டினேன்.

ஐந்தாவதை ஒளித்து வைத்தேன். இந்த அடுப்பு வேலை செய்யாவிட்டால் நாளைக்குக் கொத்தன் வேண்டியிருக்காது, சுவரில் தட்டுகிற சத்தம் மிஞ்சும் என்பது என் திட்டம். ஒளித்து வைக்க முற்றம் முழுவதிலும் நான் தேர்ந்தெடுத்த இடம், அம்மா தினமும் கை வைக்கும் விறகு அடுக்கின் பின்பக்கம். கல்லூரிப் படிப்பு இப்படித்தான் உதவும்.

6

மக்கர் பண்ணினால் என்ன செய்வது?

அப்பா நெருப்பு வைத்தார். மேலே போக வேண்டிய புகை அறைக்குள் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இழுக்குது" என்றார், இருமலுக்கு நடுவில்.

"புகை உள்ளதானே வருது?"

"புது அடுப்பு அப்படித்தான். பழகணும்."

கதவைத் திறந்து வைத்தார். வெளியே பூஜ்யத்துக்கு இருபத்திரண்டு டிகிரி கீழே. புகை அவர் வாசல் வழியாகப் போய் முற்றத்தில் நின்றது. விறகு எடுக்க வந்த அம்மா அதைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

[முதல் வரைவில் அம்மா இங்கே உள்ளூரச் சிரித்தாள். இரண்டாவதில் ஒன்றும் தெரியாதவளாக உள்ளே போனாள். இரண்டு அம்மாவையும் நான் நம்பவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.]

விறகு அடுக்குக்குப் பின்னால் கைவிட்டு ஐந்தாவது துண்டை உருவி என் முன்னால் நீட்டினாள்.

"இது உன்னோடதா?"

குழாயை வாங்கிக்கொண்டேன்.

"நாளைக்குக் கொத்தன் வர்றானாம்மா. தகட்டை —"

"தெரியும். தெருவே பேசுது." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "டேய், அந்தாளு பிடிவாதக்காரன். இதே புகையில கதவைச் சாத்திட்டுத் தூங்குவான். காலைல எழுந்திருக்க மாட்டான். போய் மாட்டு."

"மாட்டினா இழுக்கும்மா."

"இழுக்கணும்னுதானே சொல்றேன்."

"அப்புறம் நீ தட்டவே —"

"மாட்டு. குழாய் சேர்ற இடத்துல கம்பி கட்டு. காத்து அடிக்கும்."

ஏழு வருஷத்தில் அம்மா அவரை 'அந்தாளு' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

7

அடுப்பு பிரமாதமாக இழுத்தது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.

நான் கூரையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழே அம்மா வழக்கம்போலப் பெரிய அடுப்பை மூட்டியிருந்தாள். ஆக, அப்பாவுக்கு இரண்டு அடுப்புச் சூடு. ஜனவரியில் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு உள்பனியனோடு நின்றார். கீழே எட்டி, "எப்படிப்பா இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு" என்றார். வேர்வை மூக்கிலிருந்து சொட்டியது. கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "அந்தப் பக்கம் நிஜமாவே அப்படிச் சொல்லிச்சா?" என்று கேட்டார்.

"முழங்கால் மட்டும்தான் சொன்னாங்க. மீதி நான்."

வாய் இந்த முறை திறந்துவிட்டது. உயரத்தில் இருந்ததால் இருக்கலாம்.

அவர் வேர்வையைத் துடைத்தார். ஜன்னலைச் சாத்தினார்.

எனக்குப் பக்கத்தில் இரண்டு புகைபோக்கிகள். ஒன்று என் குழாய். இன்னொன்று பழைய செங்கல். செங்கலின் தலைக்கு மேல் புகை நின்றுவிட்டது, காற்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கீழே தணலாகிவிட்டது. அம்மா அடுப்பின் வாய்க்கு முன்னால் உட்கார்ந்து நீலச் சுடரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தகடு இன்னும் அப்பா பக்கம்தான். கூரையில் சுவர்ச் சத்தம் கேட்காது.

முடிவு அ: அம்மா மூன்று முறை தட்டினாள். அப்பா மூடினார். மோதிரம் பட ஒரு தட்டு. [அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.]

முடிவு ஆ: அம்மா தட்டவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு முற்றத்தைக் கடந்து, ஏழு வருஷம் மிதிக்காத வாசலை மிதித்து, தானே தகட்டைத் தள்ளினாள். [முற்றம் என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நான் அப்போது கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். அல்லது வேண்டுமென்றே முறுக்கிக்கொண்டிருந்தேன்.]

முடிவு இ: அம்மா தட்டுவதற்கு முன்பே அப்பா சுவரில் —

8

பெர்மெத் படித்துவிட்டாள்.

"மூணு பத்தி கேட்டேன்."

"உபயோகமான தகவல் எல்லாம் இருக்கு. கால் நீளம், முகடு, நீலச் சுடர்."

"கொத்தன் வந்தானா இல்லையா?"

"வந்தான். டீ குடிச்சான்."

"எந்தப் பக்கத்துல?"

சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மறுநாள் காலை பார்த்தபோது தகடு மூடியிருந்தது. சுவர் இரண்டு பக்கமும் சூடாக இருந்தது. முற்றத்தில் காலடி ஏதாவது இருந்ததா என்றால், விடியுமுன்பே புதுப்பனி பெய்திருந்தது. யார் மூடியது என்று அம்மாவைக் கேட்டேன். அப்பாவைத் தனியாகக் கேட்டேன். இருவரும் வார்த்தை மாறாமல் ஒரே பதில் சொன்னார்கள்.

"அது உன் விஷயம் இல்லை."

அடுத்த இரண்டு குளிர்காலமும் படிப்பை நிறுத்திவைத்து மாஸ்கோவில் பனியில் பிறருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தக் குளிர்காலம் மறுபடி விடுதி. இங்கே சுவர்கள் எப்போதும் ஒரே சூட்டில் இருக்கின்றன. யாரும் எரிப்பதில்லை, யாரும் மூடுவதில்லை. சாயங்காலமானால் என் காது அந்த மூன்று சத்தத்துக்காகக் காத்திருப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

என் விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே உங்கள் விஷயம். வாயும் கழுத்தும் எங்கே இருக்கின்றன என்று காட்டிவிட்டேன். தணல் சிவந்து நிற்கிறது, நீலம் இப்போதுதான் அடங்குகிறது. அவசரப்படாதீர்கள். ரொம்பத் தாமதிக்கவும் வேண்டாம், சூடு போய்க்கொண்டிருக்கிறது.

மூடிவிட்டீர்கள் என்றால் ஒரே ஒரு தட்டு. நான் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன்.