நான்காம் பக்கத்து நாய்

1

இந்தக் கதை, பதிப்பகத்துக்கு நான் எழுத உட்கார்ந்த ஒரு பதில் கடிதம். 'அன்புள்ள ரெனாத்தா' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. 'நான்' வர வேண்டிய இடத்தில் 'ப்ரிஸ்கா' என்று போட்டுப் பார்த்தேன். நகர்ந்தது.

ப்ரிஸ்கா சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் எலாதியோ முற்றத்தில் ஈரக் கொப்பல் மரக்கிளையில் நாய் செதுக்கிக்கொண்டிருந்தான்.

"இது நாயா, கழுதையா?"

"நீ வர்ணம் பூசுறவ, வாயை மூடு. காயட்டும், அப்புறம் பாரு."

"அது காயட்டும். பீன்ஸ் ஆறுது, வா."

"கை கழுவிட்டு வந்துட்டேன்."

குழாயடியில் விழுந்தான். எழவில்லை.

(அன்று வானம்... அவன் கையில் ஒட்டியிருந்த மரத்தூள்... இரண்டு வாக்கியத்தையும் பாதியில் விட்டேன். விட்டது தெரியட்டும்.)

2

புத்தகம் இதுதான்: ஒன்று முதல் பத்து வரை, பக்கத்துக்கு ஒரு மரப் பிராணி, ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும். அவன் செதுக்க, அவள் வர்ணம் பூச, பதிப்பகம் படமெடுக்கும்.

அவன் ஒப்புக்கொண்டது பேத்தி மைத்தேக்காக. வடக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம், ஆங்கிலம் பேசுகிற நாட்டில் பிறந்தவள். தாத்தாவுக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது எண்கள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் இவன் ஸ்பானிஷில் "ஊனோ" என்று ஒன்றைச் சொல்வான், அவள் ஆங்கிலத்தில் "டூ" என்பாள். "த்ரெஸ்." "ஃபோர்!" நாலு என்றால் கத்துவாள். அதனால் நான்காம் பக்கத்துக்கு நல்ல கிளை கிடைக்கட்டும் என்று நாயைக் கடைசிவரை தள்ளிப்போட்டான். மற்ற ஒன்பதும் முடிந்து அலமாரியில் இருந்தன.

* கொப்பலை ஈரத்தில்தான் செதுக்க முடியும். பிறகு மாதக்கணக்கில் காயும். காய்கிற மரம் யாரையும் கேட்காமல் வளையும்.

அவனுக்கான ஒன்பது நாள் ஜெபம் முடிந்தது. மூன்றாம் மாதம், நாயின் பின்னங்கால் ஒன்று மெல்லத் தரையை விட்டு எழும்பியிருந்தது.

கொழுந்தன் நபோர்தான் முதலில் பார்த்தான். "அண்ணி! அண்ணனோட நாய் ஒண்ணுக்குப் போவுது!"

சாவுக்குப் பிறகு ப்ரிஸ்கா சிரித்தது அன்றைக்குத்தான். தூக்கிய காலுக்கு மஞ்சள், மற்றதற்கெல்லாம் நீலம் என்று பூசி முடித்தாள்.

3

நாயின் படத்தைப் பார்த்துவிட்டு, பதிப்பகத்து ரெனாத்தா தலைநகரிலிருந்து போன் செய்தாள். "தப்பா நினைக்காதீங்க, டோன்யா ப்ரிஸ்கா. பள்ளிக்கூடத்துல வாங்க மாட்டாங்க. அதோட, தரையில மூணு கால்தானே இருக்கு? குழந்தைங்க குழம்பிடும்."

"உங்க வீட்டு நாய் காலைத் தூக்கினா மூணு கால் நாயா ஆயிடுமா?"

"ஐயோ... படத்துல அந்தக் காலைக் கம்ப்யூட்டர்ல இறக்கிடலாமேன்னு பார்த்தேன்."

நபோர் ரம்பத்தோடு வந்தான். "அரை மணி நேர வேலை அண்ணி. அறுத்து, ஆணி வச்சு, பசை போட்டா ஆச்சு. அண்ணனே எத்தனை தடவை செஞ்சிருக்கு!"

உண்மை. செய்திருக்கிறான்.

(நபோரை இந்த இடத்தில் வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவன் அவன்.)

"உங்க அண்ணன் அறுத்தா, திரும்ப அவனே ஒட்டுவான். நீ அறுத்தா ஒட்டுறது யாரு?"

"நான்தான்..."

"ரம்பத்தைக் கீழ வை. சாப்பிட்டுட்டுப் போ."

4

முடிவு அ: நபோர் அறுக்கிறான். நாய் நான்கு காலில் நிற்கிறது. புத்தகம் எல்லாப் பள்ளிக்கும் போகிறது. (முழுப் பக்கம் எழுதினேன். எந்தச் சந்தையிலும் கிடைக்கிற நாய். கிழித்தேன்.)

முடிவு ஆ: ரெனாத்தா மனம் மாறி, கண் கலங்கி... (அவளை அழவைக்க எனக்கு விருப்பமில்லை.)

கடைசியில் கடிதம் இவ்வளவுதான் ஆனது: 'அன்புள்ள ரெனாத்தா, நான்காம் பக்கத்தில் இந்த நாய், இந்தக் காலோடு. இல்லையென்றால் மற்ற ஒன்பதும் உங்களுக்கு இல்லை. நாலு எண்ணத் தெரிந்த குழந்தை தூக்கிய காலையும் சேர்த்து எண்ணும்.'

கையெழுத்தில் ப்ரிஸ்கா என்றுதான் போட்டேன். அது என் பெயர்தான்.

பதில் வரவில்லை. புத்தகம் வந்ததா என்ற முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது இது:

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. நான் "ஊனோ" என்றேன். "டூ." "த்ரெஸ்" என்றேன்.

"ஃபோர்!" என்று கத்தினாள்.