நாலாவது பெட்டி

கண்டியில் ஓர் அலுவலகத்தில் லொறிகளுக்கு நேர அட்டவணை போடும் வீரசிங்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் ‘இசைக்கடல்’ ஆகிவிடுவார். பட்டம் கொடுத்தது அவருடைய இசைக்குழு. குழுவின் தலைவரும் அவரே என்பதால் கருத்து வேறுபாடு எழவில்லை.

தொண்ணூற்றெட்டில் அந்தக் கடலுக்கு கிட்டார் சத்தத்தைப் பெருக்க ஒரு ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்ப் வந்து சேர்ந்தது. நானூறு வாட்ஸ். கட்டுகஸ்தோட்டையில், பலசரக்குக் கடைக்கு மேல் இருந்த ஒத்திகை அறையில் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பின்பக்கம் ஆங்கிலத்தில் எழுதியிருந்த நான்கு வரியை மட்டும் யாரும் படிக்கவில்லை.

எங்கள் பக்கத்து ரசிகர்கள் பாட்டைக் கேட்கும் முன் மேடையிலுள்ள ஸ்பீக்கர் பெட்டிகளை எண்ணுவார்கள். மாத்தளைக் குழுவிடம் கிட்டாருக்கு மூன்று பெட்டி. ஆகவே எங்களுக்கு நான்கு. போஸ்டரிலேயே ‘நான்கு பெட்டிக் கிட்டார் முழக்கம்’ என்று அடித்தாயிற்று.

முழக்கம் மடுல்கெல்லைக் கச்சேரியில் மூன்று நிமிடம் நீடித்தது. கம்பளைத் தபால் கந்தோரில் வேலை பார்க்கும் இராஜகுமாரிதான் எங்கள் கிட்டார். தனி வாசிப்பில் அவள் உச்சிக்கு ஏறிய நேரம் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தம் நின்றது. முடித்துவிட்டாள் என்று நினைத்து சனம் கைதட்டியது. பத்து நிமிடம் ஆறியபின் ஆம்ப் தானாகவே உயிர்பெற்றது.

இசைக்கடல் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பளையிலும் நின்றால், குழுவுக்கு இனிக் கிட்டார் தேவையில்லை.

“கீபோட்ல கிட்டார் பட்டன் ஒண்ணு இருக்கு மிஸ். அது சூடாகாது,” என்றார் அவளிடம்.

இராஜகுமாரி அலவத்துகொடைக்கு ஆம்பைத் தூக்கிப் போனாள். அங்கே ரேடியோ, கெசட் செட் திருத்துபவர் பாயிஸ். மூடியைக் கழற்றிப் பார்த்தார், எதுவும் எரியவில்லை. யாராவது பார்த்த கண்ணூறாக இருக்குமோ என்று தலைவர் கேட்கச் சொன்னதை அவள் ஒப்புக்குக் கேட்டும் வைத்தாள்.

“மெசின்ல ஒண்டும் இல்ல மிஸ்,” என்றார் பாயிஸ். “எத்தின பெட்டி குடுக்கிறீங்க?”

நான்கு என்றதும் அவர் சிரித்துவிட்டு, பின்பக்கத்து எழுத்தைக் காட்டினார். பெட்டிகளின் மின்தடை நான்கு ஓமுக்குக் குறையக் கூடாது. பெட்டி ஒவ்வொன்றும் எட்டு ஓம்.

அப்படியானால் நாலெட்டு முப்பத்திரண்டு, கூடத்தானே இருக்கிறது என்றாள் அவள். ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்தால் முப்பத்திரண்டுதான். நாங்கள் கொடுத்ததோ பக்கத்தில் பக்கத்தில். அப்படிக் கொடுத்தால் பெட்டி கூடக்கூட ஓம் குறையும் என்றார் பாயிஸ். ஒரு தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு குழாய் போதும்; நான்கைத் திறந்துவிட்டால் தண்ணீர் ஏற்றும் மோட்டர் என்ன செய்யும்?

அவளுக்கு இது நம்பும்படியாக இல்லை. பெட்டியைக் கூட்டினால் ஆம்புக்குச் சுமை குறைய வேண்டாமா? தானே பார்த்துவிடுவது என்று மறுநாள் ஒத்திகை அறையில் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பிடில்காரனான நான் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான்கு பெட்டிக்கு மூன்றாம் நிமிடம் சிவப்பு. மூன்றுக்கு எட்டாம் நிமிடம். இரண்டு பெட்டியில் கால் மணி நேரம் வாசித்தாள். கீழே கடைக்காரர் கூட்டும் தும்புத்தடியால் கூரையை இடித்தார், ஆம்ப் மட்டும் அசரவில்லை. ஒரு பெட்டியில் சூடே இல்லை. ஆனால் கடைக்காரரும் இடிக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் அவள் ஆம்பின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எட்டும் எட்டும் சேர்ந்து நான்காகக் குறைவது எப்படி என்று எனக்கு இன்றுவரை முழுதாக ஏறவில்லை. அவளுக்கு அந்தக் கால் மணி நேரத்திலேயே ஏறிவிட்டது.

ஆனால் போஸ்டர் நான்கு என்கிறது. இரண்டு பெட்டியோடு மேடை ஏறினால் ஆம்ப் நிற்கும் முன்னே தலைவர் அவளை நிறுத்திவிடுவார்.

கம்பளையில் நான்கு பெட்டியும் ஏறின. முதல் இரண்டின் வயர் ஆம்புக்குப் போனது. மற்ற இரண்டின் வயரையும் மேடையில் தொங்கிய நீலத் துணிக்குப் பின்னால் கொண்டுபோய், மேடைக் காலில் அழகாகக் கட்டினாள். சனம் எண்ணிப் பார்த்துத் திருப்தியடைந்தது.

தனி வாசிப்பு ஆறு நிமிடம். முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். இதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் குழுவுக்குக் கிடைத்ததில்லை. இசைக்கடல் நாலாவது பெட்டியில் சாய்ந்து நின்று, விழாத் தலைவரிடம், நானூறு வாட்ஸும் தன் நெஞ்சுக்கூட்டை உலுக்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விழாத் தலைவரும் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, ஆமாம், உலுக்குகிறது என்றார்.

மேடையைப் பிரிக்கும்போது வீரசிங்கமே துணியை விலக்கினார். மேடைக் காலில் கட்டியிருந்த வயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கிட்டாருக்காக வேண்டிக்கொண்டேன்.

“வேற யாரும் பாத்தாங்களா?” என்றார்.

இல்லை என்றாள் இராஜகுமாரி. இரண்டு பெட்டியில்தான் ஆம்ப் கடைசிவரை நின்றது என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் வயரை மெதுவாக அவிழ்த்தார். “அப்ப உள்ளே ஸ்பீக்கர் இல்லாட்டியும் பரவாயில்லையே. மரப்பெட்டி மட்டும் அடிச்சா லேசாவும் இருக்கும். அடுத்த தடவை எட்டு வைப்போம்.”

“கிட்டார் பட்டன் சார்?”

“அது இருக்கட்டும் மிஸ். எட்டுப் பெட்டிக்கு முன்னால யாராவது நிக்கணுமே.”

அவள் ஆம்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். என் கையையும் பிடித்து வைத்தாள். சூடுதான், ஆனால் கையை எடுக்கவேண்டிய அளவு இல்லை.