கல்வீட்டார், லெவல் எழுபத்திரண்டு

சலூன்காரர் கன்னத்தில் நுரையைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தார். "உங்க பையன் கம்ப்யூட்டர் விளையாட்டுல பெரிய தலையாமே சார்? கல்வீட்டார்னா ஆயிரம் பேருக்குத் தெரியுமாம்!"

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருக்கு நுரைக்குள்ளேயே முகம் சுட்டது. கல்வீட்டார் என்பது நாலு தலைமுறை சேர்த்துவைத்த குடும்பப் பேர். அதைக் கொண்டுபோய் ஒரு பொம்மைக்குச் சூட்டியிருக்கிறான், முப்பத்தாறு வயதுத் தடியன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே மாடியறைக்குப் போனார். "பேரை எடுடா."

"எடுக்க முடியாதுப்பா. எடுத்தா முதல் லெவல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இப்ப எழுபத்திரண்டு." மகன் பெருமையோடு திரையின் மூலையைக் காட்டினான். விளையாடிய நேரம்: 2,140 மணி.

அரை நிமிடத் தாமதத்துக்கும் காரணம் எழுதிவைத்த மனிதர் அவர். மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். எட்டு மணி வேலை என்றால் இருநூற்றறுபத்தேழு நாள். அத்தனை நாளில் குளியலறைக்கு ஒரு தாழ்ப்பாள் போட இவனுக்குக் கை வரவில்லை. கதவுக்கு வாளியை முட்டுக்கொடுத்துத்தான் வீடே குளிக்கிறது.

"இவ்வளவு வெட்டி முறிச்சு என்ன கிடைச்சுது?"

"டிராகன் வாள்ப்பா. மொத்தம் பதினோரு பேர்கிட்டதான் இருக்கு."

"வெங்காயம் அரியுமா?"

கீழேயிருந்து மருமகள் கூப்பிட்டாள். "கேஸ் சிலிண்டர் வாசல்லயே கிடக்கு, யாராவது தூக்கி வைங்களேன்!"

மகன் முனகிக்கொண்டே எழுந்தான். "சும்மா விட்டா கேம் வெளியே தள்ளிடும்ப்பா. அப்பப்ப இந்த அம்புக்குறியைத் தட்டுங்க. வேற எதையும் தொட்டுடாதீங்க."

தட்டுவதில்லை என்ற முடிவோடுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரையில் ஒரு சந்தைத் திடல், நடுவில் மகனின் பொம்மை, சுற்றிலும் கூட்டம். கந்தல் கட்டிய பொம்மை ஒன்று எதிரில் வந்து நின்றது. எழுத்து ஓடியது: "கல்வீட்டாரே, இன்னிக்குத்தான் சேந்தேன். வெறுங்கை. ஏதாவது குடுங்க." கீழே இரண்டு பொத்தான்கள்: கொடு, மறு.

கல்வீட்டார் பேரில் வந்து கேட்டவனை மறுப்பதா? 'கொடு'வை அழுத்தினார். பட்டியல் விரிந்தது. காய்ந்த ரொட்டி, மரக்கம்பு, டிராகன் வாள். நாலு பேர் பார்க்கக் காய்ந்த ரொட்டியையா நீட்டுவது? வாளைக் கொடுத்தார்.

"கல்வீட்டார்னா கல்வீட்டார்தான்!" என்று திடல் முழுக்க எழுத்து பறந்தது. பெரியவரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

திரும்பிவந்த மகன் தலையில் கைவைத்தான். "ஐயோ, வாள் எங்கப்பா?"

"கேட்டான், குடுத்தேன்."

"எவன்? இப்பவே திருப்பிக் கேக்கறேன்."

எழுத்துப் பலகைக்குப் போன கையை அவர் பிடித்துக்கொண்டார். "குடுத்ததைக் கல்வீட்டான் திருப்பிக் கேட்டான்னு ஆயிரம் பேர் சிரிக்கணுமா? கேக்கறதா இருந்தா, பேரை எடுத்துட்டுக் கேளு."

பேரை எடுத்தால் லெவலும் போய்விடும். மகன் கையை இழுத்துக்கொண்டு, இந்த வயதில், மூக்கை உறிஞ்சினான்.

நடுத்திடலில் கல்வீட்டார் மரக்கம்போடு நின்றார். எவனோ எழுதினான்: "என்ன கல்வீட்டாரே, ஆடு மேய்க்கக் கிளம்பிட்டீங்களா?" பின்னாலேயே பத்துப் பேர் சிரித்தார்கள்.

பெரியவருக்குக் காது மடல் சிவந்தது.

"இன்னொரு வாள் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அறுநூறு மணி நேரமாவது ஆகும்ப்பா."

அவர் எழுந்து நாற்காலியை மகன் பக்கம் தள்ளினார்.

"அப்பறம் என்னடா நின்னு அழுதுட்டிருக்கே? உக்காரு."