சத்தம் குறைந்த சந்து

நாலு தெருவுக்குள் சத்தம் மிகக் குறைந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சத்தத்தை அளக்கும் செயலி போனில் இருக்கிறது. டீச்சர் இப்படி ஒரு பாடம் வைத்திருப்பது தெரிந்ததும் தையல்காரி ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டாள். அவள் மகளுக்குக் காது மந்தம். கருவி மாட்டினால் பாதி கேட்கும். மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். உலகத்தில் வேறு பாடமே கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்தபடி, துணைக்கு வரும் பெற்றோராகத் தானே பெயர் கொடுத்தாள்.

மகளின் குழுவில் நான்கு பேர். தலைவன், ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பட்டம் வாங்கியவன். "நீ சும்மா போனைப் பிடிச்சுக்கிட்டு வா. எங்கேன்னு நாங்க பாத்துக்கறோம்" என்று மகள் கையில் அதைத் திணித்தான். கூட வேலை செய்கிற பிள்ளையா, போன் மாட்டும் ஆணியா? தாய்க்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எல்லோரும் ஓடினார்கள்; மகள் திரையைப் பார்த்தபடி கடைசியாக வந்தாள். நூலகத்தின் வாசிப்பு அறைக்குள் நுழைந்ததும் ரேடியோ கிசுகிசுத்தான். "குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும். இதுதான் இடம்!"

மகள் இல்லையென்று தலையாட்டினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

தாய்க்கு ரத்தம் கொதித்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் திரையைத் திருப்பிக் காட்டினாள். சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைப் பட்டை பாதிக்கு மேல் நின்றது. பிறகு ரேடியோவின் கையை இழுத்து ஏசிப் பெட்டியின் மேல் வைத்தாள். அது விர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. பழகிப்போன காதுகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"வர்ற வழியில ஒரு எடத்துல பட்டை நல்லா எறங்குச்சு. நீங்கதான் முன்னாடி ஓடிட்டீங்க" என்றாள்.

நூலகத்துக்கும் பக்கத்து வங்கிக்கும் நடுவில் ஒரு சந்து. இரண்டு குப்பைத் தொட்டி, காற்றிறங்கிய ஒரு சைக்கிள். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். பட்டை மளமளவென்று இறங்கியது. ரேடியோ வாயை மூடியதும் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

நூலக வாசலில் டீச்சர் எல்லாக் குழுக்களின் அளவையும் ஒப்பிட்டார். "உங்களுதுதான் ரொம்பக் கம்மி! யாரு பிடிச்சது?"

"இவதான் மிஸ்" என்றான் ரேடியோ. "அடுத்த வேலைக்கும் போன் இவகிட்டதான். இவ சொல்ற பக்கம்தான் போவோம்."

மகள் முன்னால் நடக்க, மூன்று பேரும் பின்னால் போனார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மாள் வேடிக்கை பார்த்துவிட்டு, "யாருங்க அந்தப் பொண்ணு? இத்தனை பேரும் அது பின்னாடியே போகுதே!" என்று கேட்டாள்.

"என் பொண்ணுங்க" என்றாள் தையல்காரி. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. வழக்கமாக அதற்கடுத்து "காது கொஞ்சம் கேக்காதுங்க" என்று சேர்த்துச் சொல்வாள். அன்று அது வாய்க்கு வரவேயில்லை.