ஏழாவது கேள்வி

மஞ்சள் படிவம் வந்த அன்று அவசரப் பிரிவில் ரிப்பன் வெட்டினார்கள். ஒரு தாளுக்கு ரிப்பன் வெட்டிய ஆஸ்பத்திரி அநேகமாக இது ஒன்றுதான். டைரக்டர் நாற்பது நிமிஷம் பேசினார். வெளியே இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் அதைக் கேட்டபடி காத்துக்கிடந்தன. பேச்சின் சாரம் இவ்வளவுதான்: இதயம் தளர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறவர்களில் யாருக்கு இனி நிம்மதி தரும் வைத்தியமே தேவை என்று முதல் நாளே கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் ஏழு கேள்விகள். ஆறுக்கு நோயாளியே பதில் சொல்லிவிடுவார். ஏழாவது, படிவம் நிரப்புகிறவரைக் கேட்கும்: ‘இவர் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோனால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்குமா?’

‘இருக்காது’ என்று டிக் அடித்தால் நோய்த்தணிப்புப் பிரிவிலிருந்து ஆள் வருவார்கள். திணறலுக்கு மருந்து, வீட்டுக்கே வரும் நர்ஸ், எல்லாவற்றுக்கும் முன்னால் ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று ஒரு விசாரிப்பு. ‘இருக்கும்’ என்றால் வழக்கமான பாதை: ஐசியூ, குழாய், மெஷின்.

டாக்டர்களுக்கு எல்லாரைப் பற்றியும் ஆச்சரியமாகவே இருந்தது, தொண்ணூற்றிரண்டு வயதுக்காரரைப் பற்றிக்கூட. ‘இருக்காது’ என்றால் சொந்தக்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டுமே! அவர்களைத் திருத்தி வழிக்குக் கொண்டுவந்தது மூத்த நர்ஸ்தான். “உங்க ஆசையைக் கேக்கல டாக்டர், ஆச்சரியத்தைக் கேக்குது. ரெண்டும் வேற” என்று பேனாவைப் பிடுங்காத குறை. வார்டில் அவளுக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர்.

அந்த ஹெட்மாஸ்டரின் அண்ணன் ஒருநாள் காலை பத்து மணிக்கு வீல்சேரில் வந்து சேர்ந்தார். ஆறு மாதத்தில் நான்காம் தடவை. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்; அப்பா போன பிறகு இவளைப் படிக்கவைத்தது அந்தக் கிரீஸ் கைதான். கால்கள் தூண் மாதிரி வீங்கி, செருப்பு மடிக்கு வந்திருந்தது.

“என்ன ஹெட்மாஸ்டரம்மா, மறுபடியும் ஃபெயிலாகி வந்துட்டேன்.”

“பேசாதண்ணே. மூச்சு வாங்குது.”

“பேசாம இருந்தா மட்டும் வாங்காதா?”

ஆக்சிஜன் மாட்டி, ஊசி போட்டு முடித்ததும் டியூட்டி டாக்டர் மஞ்சள் படிவத்தை நீட்டினார். “நீங்களே போட்டுடுங்க சிஸ்டர். உங்க முன்னாடி டிக் அடிக்க எனக்கு மனசு வரல.” சொந்தக்காரர்கள் நிரப்பக் கூடாது என்று விதி இல்லை. படிவம் தயாரித்த கமிட்டிக்கு அது தோன்றவில்லை. அங்கே யாருக்கும் அண்ணன் இல்லைபோல.

“படுத்துத் தூங்குறியா?” என்று முதல் கேள்வியைக் கேட்டாள்.

“மூணு மாசமா நாற்காலிதான். ஜன்னலோரம் போட்டிருக்கேன். எதிர்க் கட்டடத்து லிஃப்ட் ஏறி இறங்குறது தெரியும்.”

“பாத்ரூம் வரைக்கும் நடக்க முடியுதா?”

“நடுவுல ஒரு ஸ்டாப்பிங் உண்டு.”

ஆறு பதில்களும் ஒரே பக்கம் சாய்ந்தன. அண்ணன் முகத்து மாஸ்க்கைத் தூக்கினார். “எதை ரிப்பேர் பண்ணணும், எதைக் கழிச்சுப் போடணும்னு எனக்குத் தெரியாதா? மோட்டாரே போச்சு. இன்னும் எதுக்குக் கயித்த மாத்திட்டிருக்கீங்க? என்னை அந்த நாற்காலிக்கே அனுப்பிடும்மா.”

“உளறாதே. உனக்கு ஒண்ணும் ஆகாது.”

இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவள் எந்த நோயாளியிடமும் சொல்லாத வாக்கியம் அது. அப்படிச் சொன்ன டாக்டர்களை வராந்தாவில் நிறுத்தி வகுப்பு எடுத்திருக்கிறாள். ஏழாவது கேள்விக்கு ‘இருக்கும்’ என்று டிக் அடித்தாள். தாளை டாக்டரிடம் நீட்டினாள்.

ஐசியூவில் மூன்றாம் நாள் தொண்டைக்குள் குழாய் போனது. வாய் ஓயாத மனுஷனுக்கு வாய் அடைபட்டது. எட்டாம் நாள் மத்தியானம் அவர் அவளுடைய கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு விரலால் அழுத்தினார். எடுத்தார். மறுபடியும் அழுத்தினார். லிஃப்டுக்குப் பொத்தானை அழுத்திவிட்டு நிற்கிறவன், அது வராவிட்டால் எப்படி அழுத்துவானோ அப்படி.

அவளுக்குப் புரிந்தது. ஓடிப்போய் நோய்த்தணிப்புப் பிரிவுக்குப் போன் போட்டாள். “நாளைக்குக் காலைல முதல் வேலையா வர்றோம் சிஸ்டர்” என்றார்கள். சொன்னபடியே வந்தார்கள், சரியாக எட்டு மணிக்கு. அப்போது படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மாதக் கடைசியில் ஆய்வுக் கூட்டம். டைரக்டர் ஒரே ஒரு மஞ்சள் தாளைத் தூக்கிக் காட்டினார். “எல்லாம் அருமை. இது மட்டும்தான் தப்பு. ஆறு பதிலும் ஒரு பக்கம், ஏழாவது மட்டும் எதிர்ப்பக்கம். ஒன்பதாம் நாளே ஆள் போயாச்சு. யாருங்க இது போட்டது?”

அவள் எழுந்து நின்றாள். டியூட்டி டாக்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களா! பாடம் எடுக்கிறவங்களே இப்படிப் பண்ணலாமா? சொல்லுங்க, அவர் இறந்தது உங்களுக்கு நிஜமாவே ஆச்சரியமாவா இருந்துச்சு?”

“ஆமா சார்” என்றாள், உள்ளங்கையை மூடிக்கொண்டு. “இன்னும் இருக்கு.”

டைரக்டர் ‘மறுபயிற்சி தேவை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.